அரைக் கட்டை மேலே

எங்கள் அத்தானைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நகர மண்டபத்து வாசலில் அவர் படத்தை மாட்டப் போகிறார்களாம். படத்துக்குக் கீழே கண்ணாடிக்குள் வைக்க அரைப் பக்கம் வேண்டுமாம். "சுருக்கமா எழுதுங்க, உண்மையா எழுதுங்க" என்றார் மண்டபத்து மேலாளர். சுருக்கமாக எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். உண்மையாக எழுதச் சொன்னால்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. பத்து நாளில் ஏழு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆகவே முதலில் நடந்ததையெல்லாம் எனக்காக ஒரு முறை எழுதிப் பார்த்துவிடுகிறேன். அரைப் பக்கம் அப்புறம்.

அத்தான் என் அக்காவின் கணவர். சம்பளம் வாங்கியது குடிநீர் வாரியத்தில், குழாய் வரைபடம் போடும் வேலை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்பதை முப்பத்தெட்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைந்தார். பெயர் வாங்கியது சேர்ந்திசையில். நாற்பது பேரை நாலு குரலாகப் பிரித்து, இசைக்கருவியே இல்லாமல் பாட வைப்பார். பாட்டை அவரே எழுதி, அவரே முன்னால் நின்று நடத்துவார். 'இசை நடத்துநர்' என்று யாரிடமாவது அறிமுகப்படுத்தினால் போதும், "எந்த ரூட்டுல ஓடுது சார்?" என்று ஒருத்தராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். அத்தானும் சலிக்காமல், "டெப்போலதான் நிக்குது" என்பார்.

குழுவை ஆரம்பித்தபோது பதினொரு பேர், எல்லாரும் வாரியத்து ஆட்கள். தண்ணீர் மீட்டர் படிக்கும் ஒருவர் மாடிப்படியில் ஏறும்போது முனகியது மூன்றாவது மாடி வரை அதிர்ந்ததாம். அவரை அத்தான் அப்படியே கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர்தான் எங்கள் 'இடி'. ஆண்களில் கீழ்க்குரல். இப்போது அறுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் அவர் பாடினால் நாற்காலி நடுங்கும். பெண்களில் மேல்குரலுக்குத் தலைவி ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள் என்பதால் தன் வாயையும் மூடமாட்டாள். நான் பெண்களில் கீழ்க்குரல், அத்தானுக்கு அடுத்த இடம். அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் ஒத்திகையை நான்தான் நடத்துவேன். மண்டபத்தில் இருக்கும் பெரிய குழாய் ஆர்கனை வாசிப்பது என் அக்கா. குடும்பமே குழுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று வெளியில் பேசுவார்கள். பேசட்டுமே, எங்களுக்கென்ன.

அவர் பாட்டு எழுதும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆபீசில் வீணாய்ப் போன வரைபடத் தாளின் பின்பக்கத்தில் நாலு கலர் பென்சிலால் நாலு குரலையும் நாலு குழாய் மாதிரி போடுவார். மூச்சு எடுக்கும் இடத்தில் வால்வுக்குப் போடும் குறி இருக்கும், இரண்டு முக்கோணம் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும். கீழ்க்குரலுக்குப் பழுப்பு. "எங்களுக்கு மட்டும் ஏன் சார் கழிவுக் குழாய் கலரு?" என்று இடி ஒருநாள் சண்டைக்கே போய்விட்டார். "அது அடைச்சா ஊரே நாறிடும்யா, அதான் நீங்க முக்கியம்" என்று அத்தான் சொன்னார். அது பாராட்டா திட்டா என்று இடிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி வரப்போவது புரிய வேண்டுமென்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இசைக்கருவி இல்லாமல் நாற்பது பேர் நெடுநேரம் பாடினால் சுருதி இறங்கும். யாரும் இறக்குவதில்லை, தானாக இறங்கும். ஈரத் துணி போட்ட கொடிக்கயிறு தொய்வதைப் போல, எப்போது தொய்ந்தது என்றே தெரியாது. எல்லாரும் சேர்ந்தே இறங்குவதால் பாடுகிறவர்களுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. கடைசியில் ஒரு கருவி வந்து சேரும்போதுதான் குட்டு உடையும். எல்லா ஊர்க் குழுவும் இறங்கும். எங்கள் குழு மட்டும் இறங்கியதே இல்லை. ஒத்திகை அறைச் சுவரில் 'இறங்காத குழு' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். தாள் பழுத்துப் போனால் புதுத் தாளில் எழுதி ஒட்டுவோம்.

அத்தானின் பெரிய படைப்பின் பெயர் 'அணை'. பதினாறு நிமிடம் குரல்கள் மட்டும். தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. பதினாறாவது நிமிடம் மதகு திறக்கும். அந்த இடத்தில் அக்கா ஆர்கனில் இரண்டு கையையும் வைப்பாள், தொடங்கிய அதே சுருதியில். குரலும் ஆர்கனும் ஒன்றாய்ச் சேரும்போது மண்டபத்தில் இருப்பவர்கள் தங்களையறியாமல் எழுந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரைக் கட்டை, அதாவது ஆர்கனில் அடுத்த கட்டை தூரம், இறங்கியிருந்தாலும் அந்த இடத்தில் மானம் போய்விடும். "தைரியமிருந்தா வேற குழு இதைப் பாடட்டும் பார்ப்போம்" என்று இடி சவால் விடுவார். ஒரு குழுவும் பாடியதில்லை.

பாட்டு தொடங்குமுன் சுருதி கொடுப்பது அத்தான். சட்டைப்பையில் ஓர் இசைக்கவை, இரண்டு கிளையுள்ள எஃகுத் துண்டு. முழங்கால் சிப்பியில் தட்டி, காதோரம் வைத்துக் கேட்பார். அந்தச் சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்கும். பிறகு வாயை மூடி 'ம்' என்று முனகுவார். அந்த முனகலை நாங்கள் பிடித்துக்கொள்வோம். கவை சொன்னதை நாங்கள் கேட்டதில்லை, அத்தான் சொன்னதைத்தான் கேட்டோம். முப்பது வருடமும் அப்படித்தான். நான் நடத்திய ஒத்திகைகளில் கவையும் கிடையாது, ஒத்துப் பார்க்க ஆர்கனும் கிடையாது.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் 'அணை'. அன்று காலை அத்தானுக்கு இடுப்பில் பிடித்த வலி தரையில் உருள வைத்துவிட்டது. சிறுநீரகக் கல். ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போது சட்டைப்பையிலிருந்த கவையை எடுத்து என் கையில் திணித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அடுத்த வலி வந்து வாயை அடைத்துவிட்டது. 'நல்லா நடத்து' என்று சொல்ல வந்தார் என்று நினைத்துக்கொண்டு, "நான் பார்த்துக்கறேன் அத்தான், நீங்க போங்க" என்றேன். என்ன பெரிய மனுஷித்தனம்!

மாலையில் மேடையில் நின்றேன். கவையைத் தட்டினேன். கேட்டேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறை தட்டினேன். 'ம்' என்று கொடுத்தேன். பதினாறு நிமிடம் தேனாய்ப் போயிற்று. என் கை தானாக நடந்தது. இடியின் குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. இதற்காகத்தான் பிறந்தேன் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நினைத்தேன். மதகு திறக்கும் இடம் வந்தது. அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

அவள் கை வைத்தாள். அய்யோ! சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி. ஆர்கன் மேலே நின்றது, நாங்கள் அரைக் கட்டை கீழே நின்றோம். பாதிப்பேர் ஏறப் பார்த்தார்கள், பாதிப்பேர் பிடிவாதமாக நின்றார்கள். முன் வரிசையில் ஒருவர் பல் கூசியதுபோல முகத்தைச் சுளித்தார். இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. அந்த மூன்று நிமிடமும் என் ஆயுளில் மூன்று வருடம் குறைந்தது.

திரைக்குப் பின்னால் வந்ததும் இடி பிடித்துக்கொண்டார். "ஏம்மா, கவையைத் தட்டினியா, இல்ல வாய்க்கு வந்ததைக் குடுத்தியா?"

"ரெண்டு தடவ தட்டிக் கேட்டுத்தான் குடுத்தேன்."

"அப்ப அரைக் கட்டை கீழ எப்படி வந்துச்சு? நாங்க இறங்கினோம்னு சொல்ல வர்றியா?"

"முப்பது வருஷத்துல ஒரு தடவ இறங்கியிருக்கோமா நாம?" என்றாள் பல் டாக்டர், எல்லாரையும் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "கவை சரியா இருந்தா காதுலதான் கோளாறு. அடுத்தவங்க காதைச் சோதிக்கிறவளுக்கே இப்படியா?" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. என் தொழில் அதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவமனையில், சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, 'பீப்' என்று ஓசை கொடுத்து, "கேட்குதா? கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்கிறவள் நான். பெண்டாட்டிமார் இழுத்து வரும் கணவன்மாரில் முக்கால்வாசிப் பேருக்குக் காதில் ஒரு குறையும் இருக்காது. அந்த உண்மையை நான் வெளியில் சொல்வதில்லை.

நாங்கள் இறங்கியிருப்போம் என்று அன்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதைத்தான் இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்று மாதத்தில் அத்தான் குழுவிலிருந்து ஓய்வு பெறுவதாக இருந்தது. அடுத்து நான்தான் என்று பேசாமலே முடிவாகியிருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். இருபத்தாறு வருடம் அதற்காகக் காத்திருந்தேன். அதைவிட, எனக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். காதில்லாதவள் கையை ஆட்டி என்ன பிரயோசனம்? திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நானே அந்த அறைக்குள் உட்கார்ந்து கருவியை மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். நூற்றுக்கு நூறு. ஆனால் அந்தச் சோதனை ஓசை கேட்கிறதா என்றுதான் சொல்லும், சுருதி சரியா என்று சொல்லாது. மறுபடியும் குழம்பிப்போய் வெளியே வந்தேன்.

அக்காவிடம் கேட்டேன். "நீ ஆர்கன்கிட்ட உட்கார்ந்திருந்தியே, நான் குடுத்த சுருதி எப்படிடி இருந்துச்சு?" அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை மூன்று முறை மடித்தாள். "விடுடி, போனது போச்சு" என்றாள். என் அக்கா எதையும் விடுகிறவள் கிடையாது. நான் ஆறாம் வகுப்பில் உடைத்த கண்ணாடி வளையலை இன்னும் சொல்லிக்காட்டுகிறவள்.

எனக்குள் வண்டு குடைந்தது. அவர்கள் வீட்டு அலமாரியில் எங்கள் பழைய நிகழ்ச்சி கேசட்டெல்லாம் அடுக்கி வைத்திருந்தது. அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், ஒரு பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அத்தான் எவ்வளவு சரியாகத் தொடங்கிவைத்தார் என்று கேட்டு, என் தப்பு என்ன என்று தெரிந்துகொள்ளலாம் என்பது எண்ணம். சமையலறை மேசையில் டேப்பை வைத்து, 'அணை'யின் முதல் சுருதி வந்ததும் நிறுத்தி, கவையைத் தட்டிக் காதில் வைத்தேன்.

கேசட்டில் இருந்தது அரைக் கட்டை மேலே.

டேப் வேகமாக ஓடுகிறது என்று நினைத்தேன். பழைய மெஷின், ஓடும்; வேகமாக ஓடினால் சுருதி ஏறும். முடிவுக்குத் தள்ளி, ஆர்கன் வரும் இடத்தில் வைத்து மறுபடி தட்டினேன். கச்சிதமாகக் கவையோடு சேர்ந்தது. வேகமாக ஓடும் மெஷின் கடைசியில் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்? அடுத்த கேசட்டைப் போட்டேன். தொடக்கம் அரைக் கட்டை மேலே, முடிவு சரி. அடுத்தது. அதுவும். ஒன்பது கேசட், ஒன்பது வருடம், ஒன்பதும் அப்படியே. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. எங்கள் குழு இறங்காத குழு இல்லை. எல்லாக் குழுவையும் போல ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை இறங்கியது. அத்தான் ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை ஏற்றிக் கொடுத்தார். துவைத்தால் சுருங்கும் என்று தெரிந்த தையல்காரர் ஒரு விரல் நீளமாகவே வெட்டிய கதைதான்.

நான் மட்டும் உள்ளபடி கொடுத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அத்தான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் போனேன். சாய்வு நாற்காலியில் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார். "குடிநீர் வாரியத்து ஆளுக்கே தண்ணி பத்தலையாம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கேசட் பையை அவர் மடியில் வைத்தேன்.

"என்ன வாயாடி, இது?" அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"எல்லாத்தையும் கேட்டேன் அத்தான். ஒன்பதையும்."

செம்பைக் கீழே வைத்தார். சமையலறையில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது. அப்போதுதான் அவளுக்கும் தெரியும் என்று எனக்கு உறைத்தது.

"மூணாவது வருஷம்," என்றார் அத்தான். "அதுக்கு முன்னாடி எப்பவும் இறங்கும். நான் கத்துவேன். கத்தக் கத்த இன்னும் இறங்கும். பயந்துபோய்ப் பாடினா இறங்காம என்ன பண்ணும்? ஒருநாள் எனக்கு ஜலதோஷம், காது அடைச்சிருந்தது. தெரியாம மேல குடுத்துட்டேன். பாடினாங்க. சரியா வந்து சேர்ந்தாங்க. முதல் தடவையா ஜனங்க எழுந்து நின்னாங்க. இடி குழந்த மாதிரி அழுதான். வீட்டுக்கு வந்தப்புறம் உங்க அக்காதான் சொன்னா, அரைக் கட்டை மேல குடுத்தீங்கன்னு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"செவ்வாய்க்கிழமை ஒத்திகையில சொல்லலாம்னு போனேன். போனா, சுவத்துல எழுதி ஒட்டியிருக்கானுங்க, 'இறங்காத குழு'ன்னு. அன்னிக்கு அவங்க நின்ன நிலையப் பார்க்கணும் நீ. முதுகு நிமிர்ந்து, நெஞ்சு விரிஞ்சு... அப்படி நின்னாதான் அப்படிப் பாட முடியும். சரி, அடுத்த செவ்வாய் சொல்லலாம்னு விட்டேன்." செம்பை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "அடுத்த செவ்வாய், அடுத்த செவ்வாய்னு முப்பது வருஷம் ஓடிப்போச்சு."

"என் மானம் போச்சே அத்தான்! எனக்குக் காது இல்லைன்னு சொல்றாங்க! என் வேலையைச் சொல்லிச் சிரிக்கிறாங்க!" கத்தினேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். "வண்டியில ஏறும்போதாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வாயெடுத்தேம்மா. வலி விடல."

சமையலறை வாசலில் வந்து நின்ற அக்காவின் பக்கம் திரும்பினேன். "நீயும் வாயைத் திறக்கல!"

"அவர் சொல்ல வேண்டியதை நான் எப்படிடி சொல்றது?" என்றாள். "முப்பது வருஷமா அந்த ஆர்கன் முன்னாடி உட்கார்ந்து, இன்னிக்காவது சரியா வந்து சேருவாங்களான்னு வயித்தைப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். பதினாறு நிமிஷமும். உனக்கென்ன தெரியும்?"

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அத்தான் அயோக்கியரா? அவரால் நாற்பது பேர் நிமிர்ந்து நின்றார்கள். நல்லவரா? ஒரு பொய்யின் மேல் நிறுத்தினார். மீட்டர் படித்தவரை, ஊசி போட்டவளை, தபால் பிரித்தவரை மேடையில் நிறுத்தி ஊரையே எழுந்து நிற்க வைத்தார். நின்றது பொய்யா? குரல் பொய்யா? முதல் 'ம்' மட்டும்தானே பொய்? எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "நான் சொல்லிடறேன். வர்ற செவ்வாய். சத்தியமா" என்றார் அத்தான்.

சொன்னார். அதைத்தான் எழுத வேண்டும், மனிதர் சொல்லத்தான் செய்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, நாற்பது பேர் முன்னால் நின்று, "அன்னிக்கு இவ குடுத்த சுருதிதான் சரி. தப்பு என்மேல. முப்பது வருஷமா நான் அரைக் கட்டை மேல ஏத்திக் குடுத்திட்டிருக்கேன். நாம எல்லாரையும் போல இறங்கறவங்கதான்" என்றார்.

பிறகு இடி எழுந்தார். கண் கலங்கியிருந்தது. அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க மனசு யாருக்கு வரும்? மச்சினியைக் காப்பாத்த, நீங்க முப்பது வருஷம் சேர்த்த பேரையே தூக்கிக் குடுக்கறீங்களே!"

எல்லாரும் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள். "இல்லய்யா, நிஜமாத்தான்..." என்று அத்தான் திணறினார். "தெரியும் சார், தெரியும்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். உட்காரச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அத்தான் கையில் கோப்பையோடு, தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி விழித்தார். உண்மையைச் சொல்ல முப்பது வருடம் பயந்த மனிதருக்கு, சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஒருநாளும் தோன்றியிருக்காது.

என் நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. அதுவரை காதில்லாதவள். இப்போது ஒரு பெரிய மனுஷரைப் பொய் சொல்ல வைத்த காதில்லாதவள். "அவர் முகத்துக்காகத்தான் உன்னைப் போடறோம்" என்றாள் பல் டாக்டர், குழு முடிவெடுத்த அன்று. "கவையை மட்டும் மூணு தடவ தட்டிப் பாரும்மா." அந்த இடத்தைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் மனதில் ஒரு திட்டம் போட்டிருந்தேன்.

நான் தலைமை ஏற்ற முதல் செவ்வாய். அத்தான் கடைசி வரிசையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இனி கேட்க மட்டும்தான் வருவேன் என்று. நான் முழங்காலில் கவையைத் தட்டவில்லை. மர மேசைமேல் தட்டி, அதன் காம்பை அந்தப் பலகையிலேயே ஊன்றினேன். அப்படி ஊன்றினால் மேசையே பாடும், அறை முழுக்கக் கேட்கும்.

"இதுதான் சுருதி. என் வாயை நம்ப வேண்டாம். எல்லாரும் காதால கேட்டுக்கங்க. 'அணை', முதல்ல இருந்து."

பழிவாங்கத்தான் செய்தேன், நல்லெண்ணம் ஒன்றுமில்லை. பதினாறு நிமிடம் பாடினார்கள். அழகாகத்தான் பாடினார்கள், அதை மறைக்க மாட்டேன். மதகு திறக்கும் இடத்தில் கையை உயர்த்தி, "அப்படியே பிடிச்சிருங்க" என்றேன். நாற்பது குரலும் சுருதியைப் பிடித்து நின்றன. கவையைத் தட்டி மேசையில் ஊன்றினேன்.

மேசை ஒன்று சொன்னது. குழு வேறொன்று சொன்னது. அரைக் கட்டை.

ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியாக இடியின் குரல் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பல் டாக்டர் வாயை மூடியிருந்தாள், முதல்முறையாக. இடி முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... சார் அன்னிக்குச் சொன்னது..." என்று தொடங்கி முடிக்காமல் நின்றார். அவர் கண் சுவருக்குப் போயிற்று, அந்தத் தாளுக்கு. சொந்த வீடு என்று முப்பது வருடம் குடியிருந்தவரிடம், இது உன் வீடு இல்லை என்று யாரோ சொல்லிவிட்டதைப் போல அந்த முகம் இருந்தது. நெஞ்சு உள்ளே போயிருந்தது. தோள் இறங்கியிருந்தது. நாற்பது தோளும் இறங்கியிருந்தன.

அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'ஆமாம், அன்னிக்கு நான் குடுத்ததுதான் சரி' என்று ஒரு வார்த்தை. மூன்று மாதமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"அய்யய்யோ, மறந்தே போச்சு! காலைல இந்தக் கவை படியில விழுந்து உருண்டுச்சு. வளைஞ்சிருக்கும்போல. பாருங்க, ஒரு பக்கம் கோணலா இருக்கு."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அதான பார்த்தேன்!" என்று இடி போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. ரத்தம் திரும்ப முகத்துக்கு ஏறியது. "நாமளாவது இறங்கறதாவது!"

பல் டாக்டர் கவையை வாங்கி, பல்லைப் பார்க்கிறவள் பார்வையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா, லேசாக் கோணல்தான். ஏய்... அன்னிக்கு மண்டபத்துல தட்டினதும் இதே கவைதானே?"

"இதேதான்."

"அப்ப அன்னிக்கும் இதுதான் காரணம்! சாரோட பையில எத்தனை தடவ கீழ விழுந்திருக்குமோ! பாவம், இவளைப் போட்டு வறுத்தெடுத்தோமே!" வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் காதைச் சந்தேகப்பட்டேனே, மன்னிச்சிரும்மா." ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். இடி மூக்கைச் சிந்தினார். உண்மை வந்து துடைக்காத பழியை ஒரு பொய் வந்து துடைத்துவிட்டுப் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"கவை வேண்டாம். உன் வாயாலயே குடும்மா" என்றார் இடி.

எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். நெஞ்சு விரிந்தது. கவை சொன்ன சுருதி என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அளந்து, அரைக் கட்டை மேலே ஏறி, 'ம்' என்று கொடுத்தேன். கடைசி வரிசையில் அத்தான் தலையை நிமிர்த்தினார்.

ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"நல்லாப் பாடினாங்க" என்றார்.

"ம்."

"அடுத்த செவ்வாய் சொல்லிடு, வாயாடி."

அது நாலு வருடத்துக்கு முன். போன வருடம் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில், கையில் பழுப்புப் பென்சிலோடு. இடி எல்லாரிடமும் வசூல் பண்ணி எனக்குப் புதுக் கவை வாங்கிக் கொடுத்தார், பெட்டியோடு. பழையதையும் புதியதையும் வீட்டில் தட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே சுருதிதான். அக்கா இன்னும் ஆர்கன் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். நானும் கவையை முழங்காலில் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, அரைக் கட்டை மேலேதான் கொடுக்கிறேன்.

அரைப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். பிறந்தது, வேலை பார்த்தது, எழுதிய பாட்டு நாற்பத்து மூன்று, 'இறங்காத குழுவை உருவாக்கியவர்.' மேலாளர் படித்துவிட்டு, "எல்லாம் உண்மைதானே, திருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு ஒத்திகை. கவை கைப்பையில்தான் இருக்கிறது.